ஒரு டெராபைட் அட்டி

"கேன்டீன் பாத்திர ரூம் கதவு ரெண்டு நாளா சாத்த மாட்டேங்குது. மேல உரசுது" என்றாள் மனைவி.

மேஸ்திரி ஒரு காலில் செருப்பைப் போட்டுவிட்டு மற்றதைத் தேடிக்கொண்டிருந்தான். "மழைக்கு மரம் ஊதியிருக்கும்."

"மழை எங்க பெய்ஞ்சுது? அதோட அது இரும்புக் கதவு. இரும்பு ஊதுமா?"

"கீல் தொங்கியிருக்கும்."

"கீலெல்லாம் சரியாத்தான் இருக்கு. நிலைதான் மேலேருந்து இறங்குன மாதிரி இருக்கு. நேத்து எட்டி உதைச்சுத்தான் சாத்தினேன். இன்னிக்கு விழாவாம், முந்நூறு தட்டு. நான் கிளம்பறேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேஸ்திரி ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றான். காலியான டீ டம்ளரைக் கழுவினான். கழுவினதை மறந்து மறுபடியும் கழுவினான். நிலை இறங்கியிருக்கிறது என்றால் அதற்கு மேலே இருப்பது இறங்கியிருக்க வேண்டும். மேலே என்ன இருக்கிறது என்று யோசித்தான். இப்போது இருவருக்கும் வேலை ஒரே கட்டிடத்தில்தான். ஆனால் அதற்குள் அவனும் அவளும் ஒரே வழியாக ஒரு நாளும் போனதில்லை. அவள் பின்தெரு வழியாகக் கேன்டீனுக்குப் போவாள். அவன் முன்ரோட்டிலிருந்து லாரியோடு போவான். கட்டிடம் சரிவில் நின்றது. முன்ரோட்டிலிருந்து ஒரு படிகூட ஏறாமல் நேராக வரவேற்பு ஹாலுக்குள் தள்ளுவண்டியை உருட்டிவிடலாம். பின்தெருவோ ஒரு மாடி அளவு கீழே கிடந்தது. முன்னால் நிற்கிறவனுக்கு, தன் காலுக்குக் கீழே இன்னொரு அறை இருக்கிறது என்று தோன்றவே தோன்றாது.

அவனுக்கும் இன்று காலை வரை தோன்றவில்லை. அந்த ஹாலின் நடுவில்தான் அவனுடைய ஆட்கள் பதின்மூன்று டன்னை அடுக்கி வைத்திருந்தார்கள்.

இன்னொரு செருப்பு கிடைக்கவில்லை. கிடைத்த எதையோ மாட்டிக்கொண்டு நடந்தான். கொஞ்ச தூரத்தில் நடை ஓட்டமாகிவிட்டது.

*

வேலை வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். ஊரார் போட்டோவையும் கணக்கையும் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைத்துத் தருகிற கம்பெனி அது. புதுக் கட்டிடத்தைத் திறக்கும்போது ஹாலில் ஒரு வேடிக்கை வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். அதற்குப் படம் போட்டவள் ஒரு பெண். கையில் எப்போதும் ஒரு எஃகு ஸ்கேல் இருக்கும், அதனால் ஆட்கள் அவளுக்கு வைத்த பெயரும் ஸ்கேல்.

பழைய சாமான் கிடங்குக்கு அவளே வந்தாள். ஒரு உள்ளங்கையில் ப்ளாப்பி. கறுப்புச் சதுரம், நடுவில் தகர வட்டம். மறு உள்ளங்கையில் கட்டைவிரல் நகம் அளவில் ஏதோ ஒன்று.

"மேஸ்திரி, இந்தச் சின்னதுல ஒரு டெராபைட் இருக்கு. இந்த ப்ளாப்பியில ஒண்ணரை எம்.பி.கூட முழுசாப் பிடிக்காது. ஒரு ஜி.பி.க்கு இதுமாதிரி எழுநூறு வேணும். ஒரு டெராபைட்டுக்கு ஏழு லட்சம். சின்னதை ஒரு பக்கம் வெச்சுட்டு, அதுக்குச் சமமான ப்ளாப்பியைப் பக்கத்துல சதுரமா நிறுத்திக் காட்டணும்."

"அந்தச் சின்னது எவ்ளோ எடைம்மா?"

"ஒரு கிராம் இருந்தா அதிகம்."

"ஒரு கிராமைத் தூக்க எட்டு ஆளா?" என்றான் மேஸ்திரியின் மச்சினன். மனைவியின் தம்பி. வாய் மட்டும் தனியாகச் சம்பளம் கேட்கிற மாதிரி பேசுவான்.

அதன் பிறகு கிடங்கில் அதே விளையாட்டுத்தான். மச்சினன் போனில் கணக்குப் போடுகிற பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான். ஒரு பக்கம் ஜி.பி.யைப் போட்டால் மறுபக்கம் இத்தனை ப்ளாப்பி, இத்தனை பாட்டு கேசட், துளை போட்ட அந்தக் காலத்து அட்டை இத்தனை வண்டி என்று வரும். மூட்டை தூக்குகிறவர்கள் கையில் பெரிய எண் கிடைத்தால் சும்மா இருப்பார்களா?

"மாமா, உங்க போன் அறுபத்துநாலு ஜி.பி. அப்படின்னா நாப்பத்து நாலாயிரம் ப்ளாப்பி. தராசுல போட்டுப் பார்த்தேன், எண்ணூறு கிலோ வருது. சட்டைப்பையில எண்ணூறு கிலோவை வெச்சுக்கிட்டுத்தான் நடக்கறீங்க. அதான் தோள் ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு."

"என் மாமியா அனுப்புற வாய்ஸ் மெசேஜ் மட்டும் எவ்ளோ வரும், பாரேன்" என்றான் ஊமை. ஒரு நிமிஷம் வாய் ஓயாதவன் என்பதால் அந்தப் பெயர்.

"அதுக்கு லாரி பத்தாது. ரயில் பெட்டிதான்."

"சரி, இந்த ஏழு லட்சம்?" என்று கேட்டான் மேஸ்திரி.

மச்சினன் தட்டிப் பார்த்தான். "பதிமூணு டன் சொச்சம்."

"பூ. ஒரு லாரி லோடு." மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

அவனுக்குத் தெரிந்த கணக்கு அது. பால் பற்கள் விழுகிற வயதில் கிடங்குக்குள் வந்தவன். மூட்டைக்கு மேல் மூட்டை வைத்துச் சுவர்போல எழுப்புவதை அட்டி என்பார்கள். அவன் போட்ட அட்டி ஒன்றுகூடச் சரிந்ததில்லை. கோணல் என்று எவனும் விரல் நீட்டியதில்லை. ஆனால் எல்லா அட்டியும் கிடங்குத் தரையில் போட்டவை. கிடங்குத் தரைக்குக் கீழே மண். மண்ணுக்குக் கீழேயும் மண். தரை தாங்குமா என்ற கேள்வி அவன் தொழிலில் இல்லை. தரை என்றால் தாங்குவது, அவ்வளவுதான்.

*

சரக்கு ஹாலுக்கு வந்து சேர்ந்த அன்று ஸ்கேல் தரையில் சாக்பீஸால் சதுரம் போட்டுக் காட்டினாள்.

"உள்ள மரச்சட்டம் வரும். வெளிப்பக்கம் மட்டும் ஒரு வரிசை ப்ளாப்பி அடுக்குங்க. நாலு பக்கமும், மேலயும். உள்ள காலியாத்தான் இருக்கணும். புரிஞ்சுதா?"

"அப்ப மீதி?"

"கம்பெனியில சாமான் வாங்கறவர் முதல்ல போட்ட கணக்குப்படி மொத்தத்தையும் வாங்கிட்டார். மீதி திரும்பக் கிடங்குக்கே போய் பிளாஸ்டிக்கா அரைபடும்."

மேஸ்திரி தலையை ஆட்டினான். அவள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்து கிளம்பிப் போனாள். பிறகு இரண்டு நாள் அவள் வரவில்லை.

மரச்சட்டம் வந்தது. மெல்லிய பிளைவுட். மேஸ்திரி ஒரு கையால் பிடித்து ஆட்டினான். கிழவன் பல்லைப்போல ஆடியது. அதோடு கூடவே ஒரு போர்டும் வந்தது. பெரிய எழுத்தில்: "இது ஒரு டெராபைட். சந்தேகமா? எண்ணிப் பாருங்கள்!"

"எண்ணிப் பாருங்கன்னு எழுதிட்டு உள்ள காத்தை வெப்பாங்களாமா" என்றான் ஊமை.

மேஸ்திரி சிரிக்கவில்லை. அவன் அண்ணன் செத்தது இப்படிப்பட்ட ஒரு அட்டியில்தான். சரக்கு இருப்பைப் பார்க்க ஆள் வருகிறான் என்று கிடங்குக்காரன் ஓரங்களை மட்டும் மூட்டையால் எழுப்பி, நடுவைக் கூடாக விட்டிருந்தான். வெளியிலிருந்து பார்த்தால் நிறைந்த அட்டி. மேல் மூட்டையை நேராக்கச் சொல்லி அண்ணனை ஏற்றினார்கள். அவன் உள்ளே போனான். மூட்டைகள் அவன் மேலே மூடிக்கொண்டன. எடுக்கும்போது அவன் வாய் நிறையத் தவிடு இருந்தது. அன்றிலிருந்து மேஸ்திரியின் கையில் கூடு வைத்த அட்டி கிடையாது. எந்த முதலாளி சொன்னாலும் கிடையாது. அவனிடம் வேலைக்குச் சேர்கிற ஆள் முதலில் கற்றுக்கொள்வது அதுதான்.

"சட்டத்தைத் தூக்கி அந்தப் பக்கம் போடு" என்றான். "கட்டுக் கட்டா உள்ளேயும் நிரப்புங்க. செங்கல் மாதிரி மாத்தி மாத்தி வைங்க."

"மாமா, ஸ்கேலம்மா வேற மாதிரி இல்ல சொன்னாங்க?"

"அவங்க அட்டி போட்டிருக்காங்களா?"

"போட்டதில்ல."

"பின்ன பேசாம வை. நாளைக்கு ஊர் சனம் இதைச் சுத்தி நிக்கப் போகுது. எவனாவது சாஞ்சா? சின்னப் பசங்க ஏறினா? நம்ம கை பட்டது கூடா நிக்காது."

மானேஜர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். எந்த வெயிலிலும் கழுத்தில் டை. அதனால் அவர் பெயர் டை. வெளிப்பக்கம் வழவழவென்று ஏறுவதைப் பார்த்து, "அருமை! அருமை!" என்றார். விழா முடிந்ததும் அந்த எட்டுப் பேரையும் கட்டிடத்துக்கு நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். அன்று சாயங்காலம் மச்சினன் தெருவில் போகிற நாய்க்கெல்லாம் சலாம் வைத்தான்.

பிளைவுட் சட்டம் வீணாகவில்லை. மேல் வரிசை அடுக்க அதன்மேல் ஏறி நின்றார்கள்.

*

மேஸ்திரி மூச்சு வாங்க ஹாலுக்குள் நுழைந்தபோது சிவப்புக் கம்பளம் விரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அட்டி நின்றது. கையைத் தூக்கினாலும் எட்டாத உயரம், கறுப்பாக, ஒரு விளிம்பு பிசகாமல். தன் வேலையைப் பார்த்து எப்போதும் வருகிற திருப்தி பாதி வந்து நின்றுவிட்டது.

ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பத்தை ஓங்கி ஓங்கித் தள்ளினாள்.

"என்னக்கா கோபம்?"

"இந்தத் தண்ணியைப் பாருங்க. எந்தப் பக்கம் தள்ளினாலும் திரும்பி இங்கேயே வருது. புதுக் கட்டிடமாம்! மட்டம் பார்க்கத் தெரியாதவனெல்லாம் கட்ட வந்துட்டான்."

தண்ணீர் நாக்கை நீட்டிக்கொண்டு அட்டியின் அடியை நோக்கி நகர்ந்தது. மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். அட்டி நின்ற இடம் தட்டின் நடுபோலக் குழிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத குழி. தண்ணீருக்குத் தெரிந்திருந்தது.

எழுந்தான். வாசல் தூணிலிருந்து அட்டி எந்தப் பக்கம், ஜன்னலிலிருந்து எவ்வளவு தள்ளி என்று பார்த்துக்கொண்டான். வெளியே ஓடினான். கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு சரிவில் இறங்கிப் பின்தெருவுக்கு வந்தான். அதே தூண் கேன்டீனுக்குள்ளும் இறங்கியிருந்தது. அதே ஜன்னல் வரிசை. தூணிலிருந்து அதே தூரம் தள்ளி ஒரு இரும்புக் கதவு. சாத்தியிருந்தது.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. தோளைக் கொடுத்து இடித்தான். மூட்டை தூக்கிய தோள். கதவு முனகக்கூட இல்லை.

"யாரது? இந்தப் பக்கம் வாங்க, ஜன்னலுக்கு!" உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

எச்சில் தட்டு வாங்குகிற ஜன்னல் அது. இடுப்பளவு உயரத்தில் ஒரு ஓட்டை. குனிந்து பார்த்தான். நுரைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தட்டுகள் தலை உயரத்துக்கு ஏறியிருந்தன. கூரைக்கு ஒட்டியிருந்த அட்டைப் பலகைகளில் ஒன்று கழன்று கீழே சாய்ந்திருந்தது. டியூப் லைட் ஒரு பக்கமாகத் தொங்கியது.

"நீங்க எங்க இங்க? டீயா?"

"வெளிய வா."

"கதவைச் சாத்திட்டேன், இப்ப திறக்க மாட்டேங்குது. கழுவி முடிச்சதும் ஆசாரியைக் கூப்பிடச் சொல்லியிருக்கேன்."

"இந்த ஜன்னல் வழியா வா. இப்பவே."

"இது வழியாவா? நான் என்ன பூனையா? முந்நூறு தட்டு கிடக்கு, விளையாடாதீங்க."

"தட்டு கிடக்கட்டும்!" கத்திவிட்டான். சமையல்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். மேஸ்திரி குரலைத் தாழ்த்தினான். "மேல நான் போட்ட அட்டி உன் தலைக்கு நேரா நிக்குது. பதிமூணு டன்."

அவள் கையிலிருந்த தட்டைத் துடைத்தாள். "நீங்க போட்டதுதானே? நிக்கும்."

"அட்டி நிக்கும். தரை நிக்காது."

அவள் மேலே பார்த்தாள். தொங்குகிற விளக்கைப் பார்த்தாள். கதவு நிலையைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு மேடைமேல் ஏறிக் கால்களை ஜன்னலுக்குள் நீட்டினாள். இடுப்பில் சிக்கிக்கொண்டது. மேஸ்திரி அவள் இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தான். சமையல்காரரும் வந்து பிடித்தார். ஈரமும் சோப்புமாக வழுக்கிக்கொண்டு வந்து அவன்மேல் விழுந்தாள்.

"மூட்டையை இழுக்கற மாதிரியே இழுக்கறீங்க" என்றாள்.

*

அவளை வெளியே தெருவில் நிறுத்திவிட்டு மேலே ஏறும்போது மேஸ்திரிக்கு அந்த நினைப்பு வந்தது. இவள் வெளியே வந்துவிட்டாள். இனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லையே? விழா இரண்டு மணி நேரம். இரண்டு நாள் நின்ற தரை இரண்டு மணி நேரம் நிற்காதா? சாயங்காலம் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளிருப்பதை எடுத்துவிடலாம். எட்டுப் பேருக்கும் வேலை நிரந்தரமாகும். உள்ளே நிறைந்திருப்பது ஆட்களைத் தவிர எவனுக்கும் தெரியாது.

சரிவு முழுக்க அந்த நினைப்பும் கூடவே ஏறி வந்தது. ஹால் வாசலில் மச்சினன் புதுச் சட்டையோடு நின்றான்.

"என்ன மாமா, இப்படி வேர்க்குது?"

மேஸ்திரி சொன்னான். மச்சினன் அவன் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தான்.

"வாயை மூடிக்கிட்டு இருங்க. அக்காதான் வெளிய வந்துடுச்சுல்ல? விழா முடியட்டும், நானே எடுத்துத் தர்றேன். இப்ப சொன்னா நம்ம எட்டுப் பேர் பொழைப்பிலயும் மண்ணு. ஸ்கேல் சொன்னதைக் கேட்காம நிரப்புனது யாரு? நீங்கதானே?"

"நான்தான்."

"அப்புறம்?"

சரிவில் ஏறி மனைவியும் வந்துவிட்டாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தம்பி பேசினதில் பாதியைக் கேட்டிருப்பாள்.

"இப்ப என் இடத்துல சமையல்காரர் நின்னு தட்டு கழுவறாருடா" என்றாள். "ஜன்னல் வழியா உள்ள போய்ட்டாரு. தட்டு இல்லாம எப்படிப் பரிமாறுறதுன்னு கேக்கறாரு. நான் சொன்னா நம்பலை."

மச்சினன் மேஸ்திரியின் கையை விட்டான்.

ஸ்கேல் அட்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். தோளில் குழந்தையின் பை, கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தாள். "ரொம்ப அழகா வந்திருக்கு, மேஸ்திரி."

"அம்மா, உள்ள காலியா இல்லை."

"என்ன?"

"நிரப்பிட்டேன். ஏழு லட்சமும் உள்ளதான் இருக்கு."

அவள் எஃகு ஸ்கேலை இரண்டு ப்ளாப்பிக்கு நடுவில் செருகினாள். ஒரு சாண் போனதும் இடித்தது. இன்னொரு இடத்தில் செருகினாள். இடித்தது.

"நான் சொன்னேனே" என்றாள். குரல் எழும்பவில்லை. "சாக்பீஸ் போட்டுச் சொன்னேனே. தளம் தாங்காதுன்னு இன்ஜினியர் சொல்லித்தான் சட்டமே வெச்சோம். இந்தத் தரை சதுர மீட்டருக்கு நானூறு கிலோதான் தாங்கும். நீங்க கிட்டத்தட்ட ரெண்டு டன் வெச்சிருக்கீங்க."

"தாங்காதுன்னு சொல்லலியேம்மா. காலியா இருக்கட்டும்னுதான் சொன்னீங்க."

அன்று அது அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

டை வந்தார். விஷயத்தைக் கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். "முதலாளி கிளம்பிட்டார். விழாவை முடிச்சுடுவோம். கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி நிக்க வைப்போம்."

"கீழ ஆள் இருக்காங்க சார்" என்றாள் ஸ்கேல்.

"பத்து நிமிஷத்துல பேச்சை முடிச்சிடச் சொல்றேன்."

ஸ்கேல் வாசலுக்குப் போய் அத்தனை பேரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினாள். அந்தக் குரல் அவளிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கம்பளக்காரன் கம்பளத்தைப் போட்டுவிட்டு ஓடினான். துடைப்பக்காரம்மா வாளியோடு ஓடினாள். மச்சினன் சரிவில் பாய்ந்து இறங்கினான். சமையல்காரரை ஜன்னல் வழியாக உருவி எடுத்தவன் அவன்தான்.

*

போனில் இன்ஜினியர் சொன்னது ஒன்றுதான். மேலே ஒருவனும் ஏறக் கூடாது. எடுக்கப் போகிறவன் எடையும் சேர்ந்து இறங்கிவிடும். முதலில் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும்.

பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டிடத்திலிருந்து இரும்பு முட்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார்கள். கதவின் கீலை அறுத்துத் தள்ளி வழி செய்தார்கள். முட்டு வைக்க வேண்டிய இடம் காலையில் மனைவி நின்ற இடம். அந்தப் பதின்மூன்று டன்னுக்கு நேர் கீழே.

"நீங்கல்லாம் நில்லுங்க" என்றான் மேஸ்திரி. "நான் போட்டது. நான் போறேன்."

"ஒத்தை ஆளா முட்டுக் கம்பியைத் தூக்கி நிறுத்திடுவீங்களோ? பெரிய பயில்வான்!" மச்சினன் புதுச் சட்டையைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தான். "இதைக் கசக்காம வெச்சிரு. திரும்பி வந்து போட்டுக்கணும்."

உள்ளே போனதும் மச்சினன் வாய் ஓய்ந்தது. அட்டைப் பலகைகளைப் பிய்த்து எறிந்தார்கள். மேலே கான்கிரீட்டில் ஒரு கோடு ஓடியிருந்தது. மயிர்க் கோடு அல்ல, நகம் நுழைகிற கோடு. மேஸ்திரி முட்டுக் கம்பியை நேராகப் பிடித்தான். மச்சினன் திருகை முறுக்கினான். மேலே எங்கோ டக் என்று ஒரு சத்தம். இருவரும் அப்படியே உறைந்தார்கள். நெற்றியில் கொஞ்சம் சிமெண்ட் தூள் உதிர்ந்தது.

"மாமா."

"முறுக்குடா."

"என் போன்ல எண்ணூறு கிலோ இருக்கு. வெளிய வெச்சுட்டு வந்திருக்கலாம்."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. "முறுக்குடா, நாயே."

ஒவ்வொரு முட்டும் இறுகும்போது தளம் ஒருமுறை முனகியது. கடைசி முட்டு இறுகியபோது முனகவில்லை. அந்த மௌனம்தான் அவர்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பிறகு எடுத்தார்கள். ஏணியின் காலைக் குழிந்த இடத்துக்கு வெளியே ஊன்றி, மேலேயிருந்து ஒரு கட்டு, ஒரு கட்டாக. ஒருவர் மாற்றி ஒருவர், தூணோரமாக நடந்து, சாக்கில் போட்டு, வெளியே முன்ரோட்டுக்கு. விழா கார் நிறுத்துகிற இடத்துக்குப் போய்விட்டது. முதலாளி பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டது. தகவலின் எடை என்று ஏதோ சொன்னார். கைதட்டினார்கள். ஊமை ஒரு கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "வந்து தூக்கிப் பார்க்கச் சொல்லு" என்றான்.

அறுத்த கீலை வெல்டர் மறுபடி ஒட்டினான். கதவை மாட்டிவிட்டு, தளம் எழும்புகிறதா என்று அதை வைத்தே பார்க்கலாம் என்று சொன்னது மனைவிதான். ஒவ்வொரு நடை மூட்டைகள் போனதும் அவள் கீழே நின்று கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

"உரசுது!" என்று கத்துவாள். அந்தக் குரல் சரிவில் ஏறி மேலே வரும். மேஸ்திரி அடுத்த கட்டை எடுப்பான்.

"இன்னும் உரசுது!"

வெயில் சாய்ந்தது. டை ஒருமுறை வந்தார். நாளையிலிருந்து இந்த ஆட்கள் வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லாமல் ஸ்கேலிடம் சொன்னார், மேஸ்திரி காதுபடவே. அவர் போன பிறகு அவளும் ஒரு மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குச் சட்டத்தை வெச்சு வெளிப்பக்கம் மட்டும் கட்டணும்" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "வேற ஆள் வருவாங்க."

"கட்டட்டும்மா. ஆனா எவனையும் அது மேல ஏற விடாதீங்க."

"ஏன்?"

"கூடு வெச்ச அட்டி." அண்ணனைப் பற்றி அவன் சொல்லவில்லை. போர்டு சுவரில் சாய்ந்திருந்தது. எண்ணிப் பாருங்கள். போகிற போக்கில் அதைத் திருப்பி, எழுத்து சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனான்.

அடி வரிசைக்கு வந்தபோது கீழேயிருந்து சத்தம் வரவில்லை. மேஸ்திரி நின்றான். கையிலிருந்ததை இறக்கி வைத்துவிட்டு மறுபடி ஓடினான். காலையில் ஓடிய அதே வழி, அதே சரிவு.

அவள் கதவருகே நின்றிருந்தாள். ஒரு விரலால் தள்ளினாள். கதவு சுழன்றுபோய்ச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. திறந்தாள். மறுபடியும் சாத்தினாள். வெறுமனே நாலைந்து தடவை அதையே செய்தாள்.

"சரியாயிடுச்சு" என்றான் மேஸ்திரி.

"ம்."

அவள் சரிவில் ஏறிப் போய், முன்ரோட்டில் குவிந்திருந்த மூட்டைகளில் சின்னதாக ஒன்றைத் தேடினாள். இரண்டு கையாலும் இழுத்து வந்து, திறந்திருந்த கதவுக்கு அண்டையாக, சாத்த முடியாதபடி வைத்தாள். காலால் இடித்து இறுக்கினாள்.

புதுச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த மச்சினன் எட்டிப் பார்த்தான். "அக்கா, அது ஒரு ஜி.பி. வரும்."

"கதவைப் பிடிக்குமில்ல? போதும்" என்றாள் அவள். மேலே ஒருமுறை பார்த்தாள். பிறகு தட்டைக் கழுவ உள்ளே போனாள்.